ஜார்ஜ் சல்மனாசார்

ஜார்ஜ் சல்மனாசார் (அண். 1679 – மே 3, 1763) என்பவர் தம்மைப் போர்மோசா (இன்றைய தைவான்) தீவில் பிறந்தவர் எனக் கூறிக்கொண்டு, 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆயர்களையும் அறிஞர்களையும் நம்பவைத்த ஓர் ஐரோப்பியர் ஆவார். தாம் ஒருபோதும் காணாத அத்தீவைப் பற்றி இவர் எழுதிய நூல் 1704 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியானது. தீவின் ஆட்சி, சமயம், உடை, உணவு, மொழி, எழுத்து ஆகியவற்றைப் பெரும்பாலும் கற்பனையாகப் புனைந்து, உண்மை வரலாறு போல் அந்நூல் கூறியது. பிற்காலத்தில் இவர் தம் பொய்யை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு, நூல் தொகுப்புப் பணிகளில் உழைத்து எளிய வாழ்க்கை வாழ்ந்தார். இவருடைய உண்மையான பெயரும் பிறந்த ஊரும் இன்றளவும் அறியப்படவில்லை.

ஆள்மாறாட்டம் என்பது பொதுவாக ஒருவர் மற்றொருவரின் பெயரையும் உரிமையையும் தமதாகக் காட்டி ஏமாற்றுவதைக் குறிக்கும். அரியணைக்காகவோ சொத்துக்காகவோ இறந்துபோன ஒருவரின் பெயரில் தோன்றியவர்கள் வரலாற்றில் பலர் உள்ளனர். சல்மனாசாரின் செயல் இவற்றிலிருந்து வேறுபட்டது. இவர் எந்தத் தனிமனிதரின் இடத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையில் வாழ்ந்த ஒரு மக்களினத்தின் பெயரை எடுத்துக்கொண்டு, அவர்கள் சார்பில் தாமே பேசினார். அவர்களுள் ஒருவரேனும் மறுத்துக் கூற அங்கு இல்லை.

பெயர்

விவிலியத்தில் குறிப்பிடப்படும் அசீரிய மன்னன் சல்மனாசாரின் பெயரிலிருந்து இவர் தமக்குப் பெயர் அமைத்துக்கொண்டார். அது அயல்நாட்டுப் பெயராகத் தோன்றுவதற்காக எழுத்துக்கூட்டலின் தொடக்கத்தில் ஒலிக்காத ஓர் எழுத்தையும் சேர்த்தார். ஜார்ஜ் என்பது பின்னர் திருமுழுக்கின்போது இவர் பெற்ற பெயராகும். எனவே இவர் அறியப்படும் பெயரின் இரு பகுதிகளும் இவருடைய பெற்றோர் இட்டவை அல்ல.

இளமையும் கல்வியும்

இவரது இளமையைப் பற்றிய செய்திகள் அனைத்தும் இவர் எழுதிய தன்வரலாற்றில் இருந்தே கிடைக்கின்றன. அவற்றை உறுதி செய்யும் வேறு ஆவணங்கள் இல்லை. இவர் பிரான்சின் தென்பகுதியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தந்தை நொடித்துப்போன பழைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அவர் குடும்பத்தைப் பிரிந்து செருமானிய நிலப்பகுதியில் வாழ்ந்து வந்தார். மகனைத் தாயே வளர்த்தார்.

சல்மனாசார் முதலில் பிரான்சிசுக்கன் சபைத் துறவிகளிடமும் பின்னர் இயேசு சபையினரின் கல்லூரியிலும் அதன்பின் டொமினிக்கன் சபையினரிடமும் பயின்றார். மொழிகளைக் கற்பதில் இவருக்கு இயல்பான திறமை இருந்தது. சிறு வயதிலேயே இலத்தீன் மொழியைச் சரளமாகப் பேசினார். ஆசிரியர்களின் பாராட்டு இவரிடம் செருக்கை வளர்த்தது. மெய்யியல், இறையியல் வகுப்புகளில் ஆர்வம் குன்றிப் படிப்பை இடையில் நிறுத்தினார். சில காலம் வீடுகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதுவும் நிலைக்காத நிலையில் கையில் பணமின்றி அவிஞ்ஞோன் நகரில் இருந்தார்.

முதல் வேடம்: அயர்லாந்து யாத்திரிகர்

அக்காலத்தில் உரோமை நகருக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்கு வழியெங்கும் உணவும் தங்குமிடமும் காசும் கிடைத்தன. இதைப் பயன்படுத்திக்கொள்ள எண்ணிய சல்மனாசார், தாம் சமயத்தின் பொருட்டு நாட்டைவிட்டு வெளியேறிய அயர்லாந்து இறையியல் மாணவர் என்று சான்றிதழ் பெற்றார். யாத்திரிகருக்குரிய மேலங்கியும் கோலும் வாங்கப் பணம் இல்லாததால், ஊர் திரும்பிய யாத்திரிகர் ஒருவர் காணிக்கையாக ஒரு சிற்றாலயத்தில் வைத்திருந்தவற்றை எடுத்துக்கொண்டார். வழியில் குருமார்களையும் செல்வர்களையும் கண்டு நல்ல இலத்தீனில் உதவி கேட்டார்.

ஆனால் இந்த வேடத்தில் ஒரு குறை இருந்தது. அயர்லாந்தை அறிந்தவர்கள் ஐரோப்பா எங்கும் இருந்தனர். அவர்கள் அந்நாட்டைப் பற்றிக் கேட்டால் இவரால் விடை கூற இயலவில்லை. அகப்பட்டுக்கொள்ளும் ஆபத்து நாள்தோறும் இருந்தது.

இரண்டாம் வேடம்: சப்பானியர்

எவரும் அறியாத தொலைநாடு ஒன்றே தமக்குப் பாதுகாப்பு என்று இவர் முடிவு செய்தார். கீழை நாடுகளைப் பற்றி இயேசு சபையினரிடம் கேட்டறிந்த சில செய்திகள் இவர் நினைவில் இருந்தன. அவற்றைக் கொண்டு தம்மைக் கிறித்தவம் தழுவிய சப்பானியர் என்று கூறத் தொடங்கினார். அதற்கேற்பக் கடவுச்சான்றையும் போலியாக மாற்றினார். செருமனியில் தந்தையைச் சந்தித்தபோது, மகனைப் பேணும் நிலையில் அவர் இல்லை. அதன்பின் சல்மனாசார் ரைன் ஆற்றுப் பகுதிகளிலும் நெதர்லாந்துப் பகுதிகளிலும் அலைந்து திரிந்து, கூலிப்படை வீரராகவும் பணியாற்றினார்.

சிறிது காலத்தில் கிறித்தவர் என்ற பகுதியையும் கைவிட்டு, இன்னும் மனம் மாறாத புறச்சமயத்தவர் என்று கூறினார். ஒரு சிறு ஏட்டில் கதிரவன், திங்கள், விண்மீன்கள் ஆகியவற்றின் படங்களை வரைந்து, மீதிப் பக்கங்களைத் தாமே உருவாக்கிய எழுத்துகளால் நிரப்பினார். அதை வைத்து உதய வேளையிலும் மறையும் வேளையிலும் வழிபாடு போல் ஓதினார். எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதினார். இவரை மதம் மாற்ற விரும்பிய பல்வேறு சபைகளின் குருமார்கள் இவரோடு வாதிட்டனர். வாதத்தில் அவர்களுக்கு ஈடுகொடுத்த இந்தப் புறச்சமய வீரரைப் பற்றிய பேச்சு படைப்பிரிவில் பரவியது.

இன்னெசும் திருமுழுக்கும்

1702 ஆம் ஆண்டளவில் இவருடைய படைப்பிரிவு ஸ்லூயிஸ் நகரில் தங்கியிருந்தது. அந்நகரின் ஆளுநராக ஜார்ஜ் லாடர் என்ற இசுக்காட்லாந்துப் படைத்தலைவர் இருந்தார். அங்கு இசுக்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றின் சமய குருவான இன்னெஸ் என்பவர் சல்மனாசாரிடம் ஆர்வம் காட்டினார்.

இன்னெஸ் ஓர் எளிய சோதனை செய்தார். சிசெரோவின் நூலிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து அதை இவரது தாய்மொழியில் எழுதித் தருமாறு கேட்டார். சல்மனாசார் எழுதிக் கொடுத்தார். சில நாட்களுக்குப் பின் அதே பகுதியை மீண்டும் மொழிபெயர்க்கச் சொன்னார். இரு படிகளையும் ஒப்பிட்டபோது பாதிக்கும் மேற்பட்ட சொற்கள் வேறுபட்டிருந்தன. மொழி என்று ஒன்று இல்லை என்பது வெளிப்பட்டது.

உண்மையை அறிந்த இன்னெஸ் அதை எவரிடமும் கூறவில்லை. இனிமேல் கவனமாக இருக்குமாறு மட்டும் அறிவுறுத்தினார். புறச்சமயத்தவர் ஒருவரை ஆங்கிலத் திருச்சபையில் சேர்த்த பெருமை தமக்குப் பதவி உயர்வைத் தரும் என்பது அவருடைய கணக்கு. சப்பானை விடவும் குறைவாக அறியப்பட்ட போர்மோசாவே சல்மனாசாரின் தாய்நாடாக இப்போது ஆயிற்று. ஆளுநர் லாடர் ஞானத்தந்தையாக இருக்கத் திருமுழுக்கு நடைபெற்றது. அவரது பெயரான ஜார்ஜ் இவருக்கு இடப்பட்டது. இன்னெஸ் இச்செய்தியை இலண்டன் ஆயர் என்றி காம்ப்டனுக்கு எழுதினார். ஆயரிடமிருந்து அழைப்பு வந்தது.

இலண்டன் வருகை

1703 ஆம் ஆண்டின் இறுதியில் சல்மனாசாரும் இன்னெசும் இலண்டன் வந்தனர். ஆயர் காம்ப்டன் இவர்களை அன்புடன் வரவேற்றார். திருச்சபையின் மறைக்கல்வி நூலைப் போர்மோச மொழியில் பெயர்த்ததாகக் கூறி ஒரு கையெழுத்துப் படி அவரிடம் வழங்கப்பட்டது.

சல்மனாசார் கூறிய கதை இதுவாகும்: போர்மோசாவில் உயர்குடியில் பிறந்த தம்மை, வேடம் மாறி அங்கு வந்த இயேசு சபைக் குரு ஒருவர் ஏமாற்றிப் பிரான்சுக்கு அழைத்து வந்தார், அவிஞ்ஞோனில் கத்தோலிக்கராகுமாறு வற்புறுத்தினர், தாம் மறுத்துத் தப்பி ஓடினார், இறுதியில் ஆங்கிலத் திருச்சபையின் நெறியே உண்மை என்று கண்டார்.

இவர் இலண்டனின் செல்வர் வீடுகளுக்கு விருந்தினராக அழைக்கப்பட்டார். விருந்துகளில் சமைக்காத இறைச்சி, கிழங்கு, கீரை ஆகியவற்றை மிளகு முதலிய நறுமணப் பொருட்களுடன் உண்டார். இவருக்கு வெண்ணிறத் தோலும் ஐரோப்பியரின் முகமும் இருந்தன. இது பற்றிக் கேட்டவர்களுக்கு, போர்மோசாவின் உயர்குடியினர் வெயில் காலத்தில் நிலத்தடி அறைகளிலும் நிழலான சோலைகளிலும் வாழ்வதால் நிறம் மாறுவதில்லை என்று விடை கூறினார்.

அரச கழகத்தில் எழுந்த ஐயங்கள்

அனைவரும் நம்பிவிடவில்லை. 1704 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் அரச கழகத்தில் (ராயல் சொசைட்டி) இவர் சோதிக்கப்பட்டார். சீனாவில் பணியாற்றி வந்திருந்த இயேசு சபைக் குரு சான் டி பொந்தனே அப்போது இலண்டனில் இருந்தார். போர்மோசா சீனாவின் ஆட்சிக்கு உட்பட்டது என்று அவர் கூறினார். சல்மனாசார் அது சப்பானுக்கு உரியது என்று மறுத்தார். கழகத்தின் செயலாளர் ஆன்ஸ் ஸ்லோன் அளித்த விருந்திலும் இருவரும் சந்தித்தனர். உண்மையைக் கூறியவர் பொந்தனே ஆவார். எனினும் இயேசு சபையினர் மீது இங்கிலாந்தில் நிலவிய வெறுப்பு, பலருடைய பார்வையில் அவரது சொல்லின் மதிப்பைக் குறைத்தது. இயேசு சபையினர் மறைக்க விரும்பும் உண்மைகளைச் சல்மனாசார் வெளியிடுகிறார் என்றே அவர்கள் எண்ணினர்.

வானியலாளர் எட்மண்டு ஆலி வேறு வழியில் சோதித்தார். போர்மோசாவில் அந்தி ஒளி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்றும், கதிரவன் புகைபோக்கிகளின் வழியே நேராக உள்ளே ஒளி வீசுமா என்றும் கேட்டார். கடகக்கோடு போர்மோசாவைக் கடந்து செல்வதால், அங்கு ஆண்டின் சில நாட்களில் நண்பகல் கதிரவன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்நாட்டில் வாழ்ந்த எவரும் இதை அறிந்திருப்பர். ஒளி உள்ளே வருவதில்லை என்று விடை கூறிய சல்மனாசார், தவறு சுட்டப்பட்டதும் அங்குள்ள புகைபோக்கிகள் வளைந்தவை என்று கூறித் தப்பினார்.

போர்மோசா நூல்

நண்பர்களும் புத்தக வணிகர்களும் தூண்டியதால் சல்மனாசார் போர்மோசா பற்றிய நூலை இலத்தீனில் இரண்டு மாதங்களில் எழுதி முடித்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1704 இல் வெளியானது. தீவின் வரைபடம், உடைகளின் படங்கள், பலிபீடத்தின் படம், எழுத்து அட்டவணை ஆகியன அதில் இடம்பெற்றன. நூல் விரைவில் விற்றுத் தீர்ந்தது. மறுப்புகளுக்கு விடை கூறும் முன்னுரையுடன் இரண்டாம் பதிப்பு 1705 இல் வந்தது. பிரெஞ்சு மொழியிலும் செருமன் மொழியிலும் பெயர்க்கப்பட்டது.

நூல் கூறிய சில செய்திகள் வருமாறு:

தீவின் தலைநகர் பெரும் செல்வம் நிறைந்தது. ஆண்கள் பொன் அல்லது வெள்ளித் தகட்டால் இடையை மறைத்து மற்றபடி ஆடையின்றி நடப்பர். மக்கள் பாம்புகளை உண்பர். ஆண்கள் பல பெண்களை மணப்பர். நெறி தவறிய மனைவியைக் கொன்று உண்ணும் உரிமை கணவனுக்கு உண்டு. கொலை செய்தவர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அம்பெய்து கொல்வர். ஆண்டுதோறும் 18,000 சிறுவர்களின் இதயங்கள் தெய்வத்துக்குப் பலியிடப்படும்.

கடைசிச் செய்தி எப்படி நூலில் நுழைந்தது என்பது கவனிக்கத்தக்கது. எந்தச் சபையிலும் ஒருமுறை கூறியதைப் பின்னர் மாற்றிக்கொள்வதில்லை என்ற விதியைச் சல்மனாசார் தமக்கு வகுத்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் பலியின் எண்ணிக்கையை மிகைப்படுத்திக் கூறிவிட்டபின், அந்த எண்ணையே நூலிலும் எழுத வேண்டியதாயிற்று. சிறிய தீவு இவ்வளவு இழப்பை எப்படித் தாங்கும் என்று கேட்டவர்களுக்குப் பலதார மணத்தைக் காரணமாகக் கூறினார். இவ்வாறு முந்தைய பொய் ஒவ்வொன்றும் அதைக் காக்கும் மற்றொரு பொய்யைக் கோரியது.

இந்நூலின் வலுவான பகுதி மொழி பற்றியதாகும். இருபது எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கும் இலக்கணக் குறிப்புகளும் செபங்களின் மொழிபெயர்ப்பும் அதில் இருந்தன. ஸ்லூயிஸ் நகரில் அகப்பட்ட பின்பு, இவர் தம் சொற்களை நினைவில் இருத்தி ஒரே சீராகப் பயன்படுத்தப் பழகிக்கொண்டார். வழிப்போக்கர் ஒருவர் இவ்வளவு முழுமையான மொழியைத் தனியே உருவாக்கியிருக்க முடியாது என்று பலர் கருதினர்.

உண்மையான போர்மோசா

சல்மனாசார் விவரித்த தீவுக்கும் உண்மைத் தீவுக்கும் பெயரைத் தவிரப் பெரும் தொடர்பு இல்லை. 1624 முதல் 1662 வரை ஒல்லாந்தக் கிழக்கிந்திய நிறுவனம் தைவானின் தென்மேற்குப் பகுதியை ஆண்டது. பின்னர் கொக்சிங்காவின் குடும்பம் ஆண்டது. 1683 இல் சிங் அரச மரபின் படைகள் தீவைக் கைப்பற்றின. சல்மனாசார் நூல் எழுதிய காலத்தில் அது சீனப் பேரரசின் பகுதியாக இருந்தது. அங்கு சப்பானின் ஆட்சி 1895 இல்தான் ஏற்பட்டு 1945 வரை நீடித்தது.

தைவானின் பழங்குடி மக்கள் பேசும் மொழிகள் ஆசுத்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒல்லாந்த சமயப் பணியாளர்கள் அவற்றுள் சிராயா மொழியைக் கற்று இலத்தீன் எழுத்துகளில் எழுதினர். தானியேல் கிராவியசு பெயர்த்த சிராயா மொழி மத்தேயு நற்செய்தி 1661 இல் ஆம்சுடர்டாமில் அச்சிடப்பட்டது. சல்மனாசார் இலண்டன் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு கடலுக்கு அப்பால் உண்மையான போர்மோச மொழி அச்சில் இருந்தது. 1620களில் அத்தீவில் வாழ்ந்த சமயப் பணியாளர் கான்டிடியசின் குறிப்புகளும் கிடைத்தன. சல்மனாசார் அவற்றை அறிந்திருந்தார். ஆயினும் தம் நூலின் முன்னுரையில் கான்டிடியசின் கூற்றுகளைப் பொய் என்று மறுத்தார். தீவில் பிறந்தவரின் சொல் ஒல்லாந்தரின் சொல்லை விட மேலானது என்று வாசகர்கள் கொண்டனர்.

நம்பப்பட்டதற்கான காரணங்கள்

சல்மனாசார் நம்பப்பட்டதற்கு ஆய்வாளர்கள் பல காரணங்களைக் கூறுகின்றனர். கத்தோலிக்கரான இரண்டாம் யேம்சு 1688 இல் அரியணையிலிருந்து அகற்றப்பட்டதன் நினைவு மங்கவில்லை. பிரான்சுடன் போரும் நடந்துகொண்டிருந்தது. இயேசு சபையினரைக் குற்றம் சாட்டிய இவரது கதை கேட்போரின் விருப்பத்துக்கு ஏற்றதாக இருந்தது. ஒருவரின் இனத்தை உடல் தோற்றத்தை விடச் சமயம், மொழி, பழக்கவழக்கம் ஆகியவற்றால் அறியும் போக்கும் அக்காலத்தில் இருந்தது. இவற்றையெல்லாம் விட, இவரை ஒப்பிட்டுப் பார்க்க இலண்டனில் போர்மோசாவைச் சேர்ந்த வேறொருவர் இல்லை.

ஆயர் காம்ப்டனின் ஏற்பாட்டில் சல்மனாசார் சுமார் ஆறு மாதங்கள் ஆக்சுபோர்டில் தங்கினார். எதிர்காலச் சமயப் பணியாளர்களுக்குப் போர்மோச மொழியைக் கற்பிப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. இரவு முழுதும் அறையில் மெழுகுவத்தியை எரியவிட்டு, தாம் இடைவிடாது படிப்பதாக அக்கம்பக்கத்தினர் நினைக்கும்படி செய்துவிட்டு நாற்காலியில் உறங்கியதாக இவர் பின்னர் எழுதினார். இவர் இலண்டன் திரும்பியபோது இன்னெஸ் அங்கு இல்லை. போர்த்துகலில் இருந்த ஆங்கிலப் படைகளின் தலைமைச் சமய குருவாக அவர் நியமனம் பெற்றுச் சென்றிருந்தார்.

புகழ் மங்குதல்

இன்னெசின் துணை நீங்கிய பின் ஐயங்கள் பெருகின. 1710 ஆம் ஆண்டளவில் இவரைக் காக்கும் நோக்கில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. 1711 மார்ச்சு மாதத்தில் ஸ்பெக்டேட்டர் இதழ், சல்மனாசார் நரமாமிசம் உண்ணும் காட்சியில் நடிக்க இருப்பதாகக் கேலி விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. அறிஞராக வரவேற்கப்பட்டவர் நகைப்புக்கு உரியவர் ஆனார். சோனதன் சுவிப்ட்டு 1729 இல் எழுதிய புகழ்பெற்ற அங்கதக் கட்டுரையிலும் இவர் பெயர் இடம்பெற்றுள்ளது.

வருவாய்க்காகச் சல்மனாசார் பல தொழில்களை முயன்றார். போர்மோசக் கலை என்ற பெயரில் வெண்ணிற மெருகுப் பொருட்களை விற்கும் முயற்சி தோற்றது. விசிறிகளில் ஓவியம் தீட்டினார். குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார். 1715 முதல் சில ஆண்டுகள் ஒரு குதிரைப்படைப் பிரிவில் எழுத்தராக இருந்தார். பின்னர் இவரைப் போர்மோசர் என்றே நம்பிய நல்லெண்ணம் கொண்டோர் சிலர், இவர் சமயக் கல்வி பயிலப் பணம் திரட்டி உதவினர். அந்தப் பணத்தைப் பெறுவது இவருடைய மனச்சான்றை உறுத்தியது. பிற்காலத்தில் அதைப் பெறுவதை நிறுத்திவிட்டார்.

மனமாற்றம்

1728 இல் சல்மனாசார் கடும் நோயுற்றார். இறப்பு நெருங்கியதாக எண்ணிய அவ்வேளையில் சமய நூல்களைப் படித்துத் தம் கடந்த வாழ்வை எண்ணி வருந்தினார். வில்லியம் லா எழுதிய இறைப்பற்று நூல் இவரிடம் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது. நோயிலிருந்து மீண்டதும் தம் வாழ்க்கையை உள்ளவாறு எழுதத் தொடங்கினார். தாம் இறந்த பின்னரே அதை வெளியிட வேண்டும் என்று முடிவு செய்தார். எபிரேய மொழியை முயன்று கற்று அதில் தேர்ச்சி பெற்றார். கற்பனை மொழி ஒன்றைப் படைக்கப் பயன்பட்ட ஆற்றல் இப்போது உண்மையான மொழி ஒன்றைக் கற்கப் பயன்பட்டது. நீண்ட காலமாக உட்கொண்டு வந்த அபின் மருந்தின் அளவையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டார்.

தொகுப்புப் பணிகளும் வெளிப்படையான ஒப்புதலும்

இதன்பின் சல்மனாசார் பதிப்பாளர்களுக்கு எழுதிக் கொடுத்து வாழ்ந்தார். அச்சாளர் சாமுவேல் பால்மர் முடிக்காமல் விட்டு இறந்த அச்சுக்கலை வரலாற்றை முடித்துக்கொடுத்தார். அது 1732 இல் வெளியானது. பலர் சேர்ந்து எழுதிய உலக வரலாறு என்ற பெருந்தொகுப்பில் யூதர்கள், கெல்டியர்கள் முதலிய பழைய மக்களைப் பற்றிய பகுதிகளை எழுதினார். குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜார்ஜ் சேல் இத்தொகுப்பின் மற்றொரு பங்களிப்பாளர். தொகுப்பில் எவர் எந்தப் பகுதியை எழுதினார் என்பது குறிக்கப்படவில்லை. இவரது பங்கு, சாமுவேல் ஜான்சன் 1784 இல் வழங்கிய ஒரு பட்டியலால் பரவலாக அறியப்பட்டது.

1747 இல் வெளியான புவியியல் தொகுப்பு ஒன்றில் போர்மோசா பற்றிய பகுதியை எழுதும் பணி இவருக்குக் கிடைத்தது. அதில் முன்னர் வெளிவந்த சல்மனாசாரின் நூல் முழுதும் புனைவு என்பதைத் தம்மைப் படர்க்கையில் குறிப்பிட்டு எழுதினார். அந்த ஆசிரியர் விரைவில் முழு உண்மையையும் வெளியிடுவார் என்ற உறுதியையும் அளித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகங்களில் இருந்த ஒரு தவறு, அதைச் செய்தவராலேயே அச்சில் மறுக்கப்பட்டது.

சாமுவேல் ஜான்சனின் மதிப்பு

முதுமையில் சல்மனாசார் இலண்டனின் ஓல்டு தெரு அருகே அயன்மங்கர் ரோ என்னும் தெருவில் வசித்தார். எளிமை, இறைப்பற்று, உழைப்பு ஆகியவற்றால் அப்பகுதி மக்களின் மதிப்பைப் பெற்றார். ஆங்கில அகராதியின் ஆசிரியரான சாமுவேல் ஜான்சன் ஓல்டு தெருவில் ஒரு மதுவகத்தில் இவருடன் அமர்ந்து உரையாடுவது வழக்கம். தாம் அறிந்தவர்களுள் மிகச் சிறந்த மனிதராக இவரை ஜான்சன் கருதினார். எவரையும் வாதத்தில் எதிர்க்கத் தயங்காத அவர், ஓர் ஆயரை எதிர்க்காதது போலவே இவரையும் எதிர்க்க எண்ணியதில்லை என்று கூறினார். போர்மோசா பற்றி இவரிடம் பேசியதுண்டா என்று ஒருவர் கேட்டபோது, சீனாவைப் பற்றிப் பேசவே தாம் அஞ்சியதாக விடையளித்தார்.

இறப்பும் தன்வரலாறும்

சல்மனாசார் 1763 மே 3 அன்று இறந்தார். 1752 இல் எழுதிய இறுதி விருப்ப ஆவணத்தில், தம் உடலை மிகக் குறைந்த செலவில் பொது இடுகாட்டில் புதைக்குமாறும், மூடியுள்ள பெட்டி எதுவும் வேண்டாம் என்றும் கேட்டிருந்தார். போர்மோசா நூல் புனைவு என்பதை அந்த ஆவணத்திலும் மீண்டும் பதிவு செய்தார்.

இவரது தன்வரலாறு 1764 இல் வெளியானது. நூலின் தலைப்பில் ஆசிரியரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உடுக்குறிகள் அச்சிடப்பட்டன. சல்மனாசார் என்று பொதுவாக அழைக்கப்பட்டவர் என்ற விளக்கம் மட்டும் சேர்க்கப்பட்டது. போலிச் சான்றிதழ், திருடிய மேலங்கி, சிசெரோ மொழிபெயர்ப்பு, இன்னெசின் உடந்தை, 18,000 என்ற எண் ஆகிய அனைத்தையும் இவர் அதில் விவரித்தார். தம் பெயர், குடும்பம், ஊர் ஆகியவற்றை மட்டும் வேண்டுமென்றே கூறாமல் விட்டார்.

மதிப்பீடு

சல்மனாசாரின் வாழ்க்கை இலக்கியப் போலிகள், புனைமொழிகள், கீழை நாடுகள் பற்றிய ஐரோப்பியக் கருத்துகள் ஆகியவற்றை ஆய்வோரால் தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது. இயேசு சபையினர் மீது பழி சுமத்தியதற்காக இவரைக் கண்டித்தோரும், மனமாற்றத்துக்காக இவரைப் போற்றியோரும் உண்டு.

இவரது ஏமாற்று பணத்தளவில் சிறியது. விருந்துகள், ஓரளவு புகழ், உதவித்தொகை ஆகியவற்றுக்கு மேல் இவர் பெரிதாக எதையும் பெறவில்லை. இவரால் நேரடியாக அவதூறுக்கு ஆளானவர்கள் தைவானின் மக்களே. அவர்கள் செய்யாத நரபலியும் அவர்கள் பேசாத மொழியும் அவர்களுடையவை என்று ஐரோப்பிய நூல்களில் பதிவாயின. அம்மக்கள் இதை அறியவும் இல்லை, மறுக்கும் வாய்ப்பைப் பெறவும் இல்லை. சிராயா மொழி பின்னர் வழக்கொழிந்தது. இன்று அதை மீட்டெடுக்க முயல்வோருக்குக் கிராவியசின் நற்செய்தி மொழிபெயர்ப்பு முதன்மையான சான்றுகளுள் ஒன்றாக உள்ளது. சல்மனாசாரின் இலக்கணம் அம்மொழியைப் பற்றி எதையும் கூறுவதில்லை.

போர்மோசா நூல் பொய்யென அறிவிக்கப்பட்ட பின்னரும், அதன் ஆசிரியரைக் குறிப்பிட அந்நூலின் மூலம் அறியப்பட்ட பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை. நூலகப் பட்டியல்களிலும் வரலாற்று நூல்களிலும் இவர் இன்றும் ஜார்ஜ் சல்மனாசார் என்றே குறிக்கப்படுகிறார்.